காசி யாத்திரைக்குக் கொடுத்த 57,000 ரூபாய் போச்சு: சத்சங்க 'ஐயா'க்களிடம் உஷாராக இருங்கள்

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோபத்தில் எழுதுகிறேன். இன்று காலைதான் மூன்றாவது முறையாக வெறுங்கையோடு திரும்பி வந்தேன். போனது 57,000 ரூபாய். அம்மாவுக்கும் அத்தைக்கும் சேர்த்து, ஆளுக்கு 28,500. என் சம்பளக் காசு போயிருந்தால்கூட இவ்வளவு எரியாது. இது சத்துணவுக் கூடத்து அடுப்புப் புகையில் முப்பது வருஷம் நின்ற அம்மாவின் காசு. இந்த மாதிரி ஆட்களிடம் மாட்டாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பெயர் போடவில்லை. வக்கீல் நண்பர் வேண்டாம் என்றார். தஞ்சாவூர் பக்கம் ஒரு சின்ன ஊர். சனிக்கிழமை சாயங்காலம் சத்சங்கம் நடத்தி, வருஷத்துக்கு ஒரு முறை யாத்திரை கூட்டிப்போவதாகச் சொல்லும் ஒரு குழு. இவ்வளவு போதும். நடத்துபவரை எல்லோரும் 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார்கள். நெற்றி நிறைய விபூதி, காலில் செருப்பு கிடையாது, வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

அவர் பேச்சில் பாதி சாமி, மீதி ஊருக்கு உபதேசம். நைட்டியோடு வாசலில் கோலம் போடுவதால்தான் வீட்டில் லட்சுமி தங்குவதில்லை என்பார். செல்போன் வைத்திருக்கும் பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். ஒரு தடவை லேட்டாக வந்த ஒரு அக்காவை அத்தனை பேர் முன்னால் எழுப்பி நிற்கவைத்து, "சீரியல் முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டாராம். அம்மா இதைப் பெருமையாகத்தான் என்னிடம் சொன்னார். வாங்கின கடனைத் திருப்பித் தராதவன் அடுத்த பிறவியில் கொடுத்தவன் வீட்டு மாடாகப் பிறந்து உழைப்பான் என்பதும் அவர் அடிக்கடி சொல்வது. எனக்கு மாடு வேண்டாம் ஐயா, 57,000 போதும்.

அவருக்குப் பிடித்த கதை ஹரிச்சந்திரன். சொன்ன சொல்லுக்காக மனைவியை விற்று, மகனை விற்று, கடைசியில் காசியில் தன்னையே விற்று மயானம் காத்தவன். சந்திரமதி மகன் லோகிதாசனின் உடலைத் தூக்கிக்கொண்டு வரும் இடத்தில் ஐயா குரல் உடைந்து அழுவார், கூடவே கூட்டமும் அழும். அந்தக் காசிக்குத்தான் எங்களைக் கூட்டிப்போகிறேன் என்றார். அந்த மயானம் இருந்த இடத்தில் இன்றைக்கும் ஹரிச்சந்திர காட் என்றே ஒரு படித்துறை இருக்கிறது, அதில் உங்களை நிற்கவைக்கிறேன் என்றார்.

அம்மா ஏன் விழுந்தார் என்றால், அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. கயாவில் பிண்டம் வைக்க வேண்டும் என்பது அவருக்கு ஒரு தவிப்பு. பல்குனி ஆற்றங்கரை, விஷ்ணு பாதம், அட்சய வடம் என்று மூன்று இடத்திலும் வைக்க வேண்டும், அதுவும் மகாளய பட்சத்தில் வைத்தால் விசேஷம் என்று ஐயா சொல்லியிருந்தார். அறநிலையத் துறை ராமேசுவரத்தில் இருந்து காசிக்கு இலவசமாகக் கூட்டிப்போகிறதே, அதில் எழுதிப் போடலாமே என்றேன். அது 60 வயதிலிருந்து 70 வரைக்கும்தான், அம்மாவுக்கு 72. அத்தைக்கு 68, அவர் போயிருக்கலாம். "அண்ணியை விட்டுட்டு நான் மட்டும் எப்படிடா போவேன்" என்று இருந்துவிட்டார்.

28,500க்குச் சொன்ன கணக்கு இது: மூன்றடுக்கு ஏசியில் போய் வர ரயில், காசியில் நான்கு நாள், பிரயாகை, கயா, அயோத்தி, மூன்று வேளையும் நம்மூர்ச் சமையல், சாஸ்திரிகள் தட்சிணை உட்பட எல்லாம். புறப்பாடு செப்டம்பர் 9. மே 10ஆம் தேதி முன்பணமாக இரண்டு பேருக்கும் 17,000 ஜிபேயில் அனுப்பினேன். ஐயா கொடுத்த நம்பரில் வந்த பெயர் வேறாக இருந்தது. கேட்டதற்கு, "நான் பணத்தைக் கையால தொடறதில்லை தம்பி, மைத்துனர்தான் கணக்கு" என்றார். அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷர்!

மே 24, சனிக்கிழமை, மீதி 40,000. ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார்கள். நானும் கோவையில் இருந்து லீவு போட்டு வந்திருந்தேன். மனசுக்குள் ஒரு ஓரத்தில் சந்தேகம் இருந்தது, அதனால்தான் வந்தேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, அதன் மேல் பணத்தை வைத்து சாமி படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னார். கற்பூரம் காட்டிய பிறகு மைத்துனர் எடுத்து எண்ணினார். எண்ணிவிட்டு ஐயா காதில் ஏதோ சொன்னார். ஐயா ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து அம்மா கையில் கொடுத்தார்.

"ஒரு நோட்டு கூட இருக்கும்மா. உங்க உழைப்பு. தர்மம் இல்லாத காசு ஒரு ரூபா வந்தாலும் எனக்கு அன்னிக்கு சோறு இறங்காது."

அம்மா கண்ணில் தண்ணீர். எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்? ரசீது கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவன், அந்த இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டேன். ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தவரிடம் 40,000க்கு ரசீது கேட்பதா? அம்மாதான் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார். பிள்ளையார் சுழி போட்டு ஒரு நோட்டுத் தாளில் 'யாத்திரை காணிக்கை' என்று எழுதிக் கொடுத்தார்கள். கட்டணம் என்றுகூட இல்லை, காணிக்கை! அதன் அர்த்தம் எனக்குப் புரிய நாலு மாதம் ஆனது. இப்போது நிதானமாக யோசித்தால், அம்மா வீட்டிலேயே மூன்று தடவை எண்ணிக் கட்டிய பணம் அது. கூட ஒரு நோட்டு எப்படி வரும்? 500 ரூபாய் செலவு செய்து 57,000 வாங்கியிருக்கிறார்கள்.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். "டிக்கெட்டெல்லாம் போட்டாச்சு, எல்லாருக்கும் கன்ஃபர்ம்." பழைய வழக்கப்படி ரயிலில் 120 நாளுக்கு முன்பே முன்பதிவு செய்யலாம், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். செப்டம்பர் 9 ரயிலுக்கு ஜூலை இரண்டாம் வாரத்துக்கு முன்னால் யாரும் டிக்கெட் எடுத்திருக்கவே முடியாது. மே மாதத்தில், கற்பூரம் அணையாத தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்ன பச்சைப் பொய் அது. இது எனக்கு உறைத்தது போன வாரம்தான்.

இதற்கிடையில் அம்மா ராமேசுவரம் போய்க் கடற்கரை மண் எடுத்து வந்துவிட்டார். முதலில் ராமேசுவரம், அந்த மண்ணைப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, அங்கிருந்து கங்கை எடுத்து வந்து ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தி. கயாவில் பிடித்த பழம் ஒன்றையும் காய் ஒன்றையும் விட வேண்டும் என்று, ஆனி மாதம் ஒரு மாம்பழத்தை அறுத்து "இதுதான்டா கடைசி" என்று சாப்பிட்டார். பலர் பிடிக்காத கொத்தவரங்காயை விட்டுவிட்டு வருவார்கள். அம்மா அப்படி இல்லை.

செப்டம்பர் 7ஆம் தேதி வரைக்கும் டிக்கெட் வரவில்லை. நச்சரித்த பிறகு வாட்ஸ்அப்பில் பத்து இலக்க பிஎன்ஆர் எண் ஒன்று வந்தது. அடித்துப் பார்த்தால் அப்படி ஒரு எண்ணே இல்லை. போன் செய்தால் மைத்துனர் எடுத்து, "ஐயா மௌன விரதம்" என்றார். வியாழக்கிழமை மட்டும் இருந்த மௌன விரதம் அன்றிலிருந்து ஒரு மண்டலமாகிவிட்டது, 48 நாள்! ஆனால் தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்டேட்டஸ் மட்டும் தவறாமல் வரும். 'வாக்கு தவறாதவனே மனிதன்.' 'பிறர் பொருள் நெருப்பு.' விரலுக்கு விரதம் கிடையாது போலிருக்கிறது.

9ஆம் தேதி ரயில் போய்விட்டது. அம்மா பெட்டி கட்டி வைத்திருந்தார்.

அப்புறம் ஒவ்வொரு சாக்காக வந்தது. முதலில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் நின்றுவிட்டது, ரயில்வே பணம் தரவில்லை என்றார்கள். ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் உறுதியாகவில்லை என்றால் தானாகவே ரத்தாகி, சொற்பமாக ஏதோ பிடித்துக்கொண்டு மீதி எடுத்தவர் கணக்குக்கே வந்துவிடும். அதைச் சொன்னேன். உடனே கதை மாறியது. காசியில் சத்திரத்துக்குக் கொடுத்த முன்பணம் மாட்டிக்கொண்டது என்றார்கள். எந்தச் சத்திரம் என்றால் பதில் இல்லை. இரண்டாம் முறை நேரில் போனபோது ஐயாவே விரதத்தைக் கலைத்துப் பேசினார்.

"தம்பி, இது பித்ரு காரியத்துக்கு வெச்ச காசு. வெச்சதைத் திருப்பிக் கேட்டா உங்க அப்பா ஆத்மாதான் அலையும். கோபத்தை விடுங்க, அது பாவம்."

என் அப்பாவை வைத்து என்னை மிரட்டுகிறார்! அம்மா அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. காசு போனதற்காக இல்லை, கேட்டது தப்போ என்று. 57,000ஐ விட எனக்கு இதுதான் ஆறவில்லை.

குரூப்பில் கேட்டேன். 'எதிர்மறை எண்ணங்களுக்கு இங்கே இடமில்லை' என்று போட்டு என்னை நீக்கிவிட்டார்கள். அம்மாவை நீக்கவில்லை, அவருக்கு இன்னும் தினமும் காலை வணக்கம் வருகிறது. எனக்குத் தெரிந்தே 23 பேர் பணம் கட்டியிருக்கிறார்கள். புகாருக்குக் கையெழுத்துப் போட வந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள், "சாமி காரியத்துல போலீஸா, குடும்பத்துக்கு ஆகாது" என்கிறார்கள். அந்த 'சீரியல்' அக்கா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். ஸ்டேஷனில், "காணிக்கைன்னு எழுதியிருக்கே, நீங்களா விரும்பிக் கொடுத்த மாதிரியில்ல இருக்கு" என்றார்கள். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, புகாரை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் வாங்கினேன். இன்று காலை போனால் கதவைத் திறந்த மைத்துனர், ஐயா பூஜையில் இருக்கிறார், தீபாவளி கழித்து வாருங்கள் என்றார். உள்ளே டிவி சத்தம் கேட்டது.

நான் சாமி கும்பிடாதவன் இல்லை. யாரும் அந்தக் கணக்கை என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ரொக்கம் கொடுக்காதீர்கள். ரசீதில் 'கட்டணம்' என்று இருக்க வேண்டும், தேதி, எங்கே, எத்தனை நாள் எல்லாம் இருக்க வேண்டும். 'காணிக்கை' என்று எழுதினால் தட்டோடு எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். 60 நாளுக்கு முன்னால் டிக்கெட் போட்டாச்சு என்று எவர் சொன்னாலும் பொய். பிஎன்ஆர் கையில் வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915இல் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லாமல் வழக்குப் போடலாம், நானும் அதைத்தான் செய்யப் போகிறேன். முக்கியமாக, கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் பட்டேன்.

வருகிற சனிக்கிழமை மறுபடியும் ஹரிச்சந்திரன் கதையாம், ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார். மௌன விரதம் அன்றைக்கு மட்டும் கிடையாது போல. அந்த நோட்டுத் தாளோடு நான் முதல் வரிசையில் உட்காரப் போகிறேன்.