இணையவழி இந்தோனேசிய மொழி வகுப்பு: பத்து வாரம் படித்த பிறகு

மெல்பேர்னில் இருக்கும் என் பெறாமகன் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்துப் பிள்ளையைக் கலியாணம் செய்திருக்கிறான். வருகிற ஆவணியில் சம்பந்தியம்மா சாவகச்சேரிக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அதனால்தான் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கென்று நடக்கும் இந்த வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை யோக்யகர்த்தாவில் இருந்து படிப்பிக்கிறார். எங்களுக்கு இரவு ஏழு மணி என்றால் அங்கே எட்டரை.

‘ஆங்கிலம் பேசுபவர்களுக்கு மிக இலகு’ என்று விளம்பரத்தில் இருந்தது. அது பாதி உண்மை. எழுத்து ஆங்கில எழுத்துத்தான். காலத்துக்கு ஏற்ப வினைச்சொல் மாறாது. ‘சுடா’ என்று முன்னால் வைத்தால் செய்தாயிற்று, ‘பெலும்’ என்றால் இன்னும் இல்லை.

ஆனால் மூன்றாம் வகுப்பில் மற்றவர்கள் திண்டாடிய இடத்தில் எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘கீத்தா’, சேர்க்காவிட்டால் ‘காமி’. எங்கள் நாமும் நாங்களும்தான்! ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ‘சாப்பிடுவோம்’ என்று விருந்தாளியிடம் சொல்லும்போது காமி போட்டால் அவருக்குச் சாப்பாடு இல்லை என்றாகிவிடும். சம்பந்தியம்மாவுக்கு இலை போடும் நாளில் இது பிழைக்கக் கூடாது என்று அன்றே மனதில் பதித்துவிட்டேன். கப்பலுக்குக் ‘கப்பால்’, கழுதைக்குக் ‘கெலெடாய்’, பெட்டிக்குப் ‘பெத்தி’. மாப்பிள்ளை என்ற சொல் ‘மெம்பெலாய்’ ஆகி, அங்கே மணப்பெண்ணுக்கும் வருகிறது. சாவகர், அதாவது ஜாவாப் பக்கத்தவர், இருந்த சேரி என்று பெயர்க்காரணம் சொல்லும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிப்பது பெரிய சந்தோஷம்.

ஒரு வகுப்பு முழுவதும் 1928 ஒக்ரோபர் 28 பற்றி நடந்தது. அன்று இளைஞர்கள் கூடி, ஆகக் கூடுதலானோர் பேசிய ஜாவா மொழியை விட்டு, துறைமுகங்களிலும் சந்தைகளிலும் பழகிய மலாயை எல்லோருக்குமான ஒற்றுமை மொழியாக ஏற்றார்கள். இலங்கையில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் மொழிச் சட்டத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

குறைகளும் உண்டு. பாடநூலில் ‘e’ என்ற ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி. எது எங்கே என்று குறியே இல்லை. ஆறு என்ற எண் ‘அனாம்’, ருசி ‘ஏனாக்’, இரண்டும் அதே எழுத்தில்தான் தொடங்குகின்றன. அப்புறம் ஆறாம் வாரம் வந்த முன்னொட்டுகள். ‘சாப்பு’ என்றால் விளக்குமாறு, கூட்டுவது ‘மெஞாப்பு’. முதல் எழுத்தே போய்விடுகிறது; அடிச்சொல்லைக் கண்டுபிடித்துத்தான் அகராதியில் தேட வேண்டும். புணர்ச்சி படித்த எங்களுக்குப் பிடிபடும், ஆனாலும் இதற்கு இரண்டு வகுப்பு போதாது. பேச்சு வழக்கும் சொல்லித்தருவதில்லை. நான் படித்த ‘தீடாக்’கைத் தொலைபேசியில் சொன்னேன், மருமகள் ‘எங்கா’ என்றாள். இரண்டும் ‘இல்லை’தான் என்று அவளிடம் கேட்டுத்தான் தெரிந்தது.

கட்டிய காசுக்குக் குறைவில்லை. இரண்டாம் கட்டத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். நீங்கள் சேர்வதானால் முதல் நாளே ஒரு கொப்பியில் ஒவ்வொரு சொல்லின் ஒலியையும் தமிழில் எழுதிவையுங்கள்.