போர்ட்லண்டின் பள்ளிக் கட்டடங்கள்: மூன்றை முழுமையாகப் புதுப்பிப்பதா, எல்லாவற்றையும் முதலில் பாதுகாப்பாக்குவதா?

அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லண்ட் பொதுப்பள்ளி மாவட்டம் (நகரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), 2012 முதல் நான்கு முறை, கடன் பத்திரம் விற்றுத் திரட்டும் கட்டடக் கடனுக்காக வாக்காளர்களிடம் சென்று, நான்கு முறையும் ஒப்புதல் பெற்றிருக்கிறது. 2012இல் 48.2 கோடி டாலர், 2017இல் 79 கோடி, 2020இல் சுமார் 120 கோடி, 2025 மே மாதத்தில் 183 கோடி. கடைசித் தொகையில் பாதிக்கும் மேல் ஜெஃபர்சன், கிளீவ்லண்ட், ஐடா பி. வெல்ஸ் ஆகிய மூன்றே உயர்நிலைப்பள்ளிகளுக்குப் போகிறது. மாவட்டத்தில் இருப்பவையோ ஏறத்தாழ எண்பது பள்ளிகள். ஆகவே அங்கே பல ஆண்டுகளாக நடக்கும் வாதம், சில பள்ளிகளை அடித்தளம் முதல் கூரை வரை புதுப்பிப்பதா, அல்லது அந்தப் பணத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் பகிர்ந்து, உயிருக்கு ஆபத்தானவற்றை முதலில் சரிசெய்வதா என்பதுதான்.

முழுமையான புதுப்பிப்பின் பக்கம் நிற்பவர்களின் வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 1920களில் கட்டப்பட்ட ஒரு பள்ளியில் சுவரைத் திறந்தால் பழைய குழாயும், பழைய மின்கம்பியும், நுரையீரலுக்குக் கேடான கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) ஒன்றாகத்தான் வெளியே வரும். ஓராண்டு குழாய்க்காகவும், சில ஆண்டுகள் கழித்து மின்கம்பிக்காகவும், பிறகு நிலநடுக்கத்தைத் தாங்கும் வலுவூட்டலுக்காகவும் அதே சுவரை மூன்று முறை உடைப்பதைவிட, ஒரே முறை உடைத்து முடிப்பது நிச்சயமாகச் சிக்கனமானது. மின்தூக்கியும் சாய்தளமும் இல்லாத கட்டடத்தில் சக்கர நாற்காலியில் வரும் மாணவர் எந்த மாடிக்குப் போகலாம் என்பதைக் கட்டடமே முடிவு செய்துவிடுகிறது. அதையும் முழுமையான புதுப்பிப்புதான் தீர்க்கிறது. ஃபிராங்ளின், கிராண்ட் ஆகிய பள்ளிகள் 2012 கடனில் இப்படித்தான் மீண்டு எழுந்தன. தொடக்கப்பள்ளிகள் எத்தனை சிதறிக் கிடந்தாலும், அங்கே படிக்கும் பிள்ளைகள் இறுதியில் ஏதேனும் ஓர் உயர்நிலைப்பள்ளிக்கு வந்து சேர்கிறார்கள் என்பதும் உண்மை.

மறுபக்கத்தின் வாதம் காலத்தைப் பற்றியது. 2016இல் பள்ளிகளின் குடிநீரில் ஈயம் இருப்பது வெளியே தெரிந்து, மாவட்டம் முழுவதும் குழாய்கள் மூடப்பட்டு, பிள்ளைகள் புட்டித் தண்ணீர் குடித்தார்கள். அந்தக் கோபத்தின் விளைவாகத்தான் 2017 கடனில் ஈயம், ரேடான் (நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயு), கல்நார், தீ எச்சரிக்கை போன்றவற்றுக்கு என்று சுமார் 15 கோடி டாலர் தனியாக ஒதுக்கப்பட்டது. ஆனால் நிலநடுக்கம் அப்படிக் கண்ணில் தென்படாது. பசிபிக் கடற்கரையை ஒட்டிய கஸ்கேடியா பிளவு கடைசியாகப் பெரிய அளவில் அதிர்ந்தது 1700 ஜனவரியில். அது 9 என்ற அளவை ஒட்டிய நடுக்கம் என்று நிலவியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். கம்பி வலுவூட்டல் இல்லாத செங்கல் சுவர்கள்தான் அத்தகைய அதிர்வில் முதலில் சரியும், அப்படிப்பட்ட பகுதிகள் போர்ட்லண்டின் பழைய தொடக்கப்பள்ளிகளில் இன்னும் இருக்கின்றன. ஆபத்தான பள்ளிக் கட்டடங்களை, நிதி கிடைக்கும் அளவுக்கு, 2032க்குள் உயிர்காக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒரெகன் சட்டமே சொல்கிறது. மூன்று உயர்நிலைப்பள்ளிகளுக்குப் பிறகுதான் அடுத்த வரிசை என்றால், அந்த ஆண்டு வந்து போய்விடும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். கடன் பத்திரத்தின் பணத்தைக் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் செலவழிக்கலாம். ஆசிரியர் சம்பளத்துக்குச் செலவழிக்க முடியாது. 2023 நவம்பரில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்து பள்ளிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, கட்டடத்துக்கு இவ்வளவு பணம் இருக்கிறதே என்று பலர் கேட்டது இயல்புதான். ஆனால் அந்தப் பணம் வேறு, இந்தப் பணம் வேறு. எனவே இங்கே ஒப்பிட வேண்டியது கட்டடத்தையும் ஆசிரியரையும் அல்ல. ஒரு கட்டடத்தையும் இன்னொரு கட்டடத்தையும்தான்.

முழுமையாகப் புதுப்பிப்பது என்று முடிவான பிறகும், எப்படிச் செய்வது என்பதில் போர்ட்லண்ட் மூன்று வழிகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. ஃபிராங்ளின், கிராண்ட் மாணவர்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டு, நகரின் தென்கிழக்கில் மூடிக்கிடந்த மார்ஷல் வளாகத்தில் ஆளுக்கு இரண்டு கல்வியாண்டுகள் படித்தார்கள். கட்டுநர்களுக்கு இது வசதி. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே நீண்ட பயணம் செய்த பிள்ளைகளுக்கு அல்ல. ரூஸ்வெல்ட் மாணவர்கள் அதே வளாகத்திலேயே இருக்க, வேலை பகுதி பகுதியாக நடந்தது. பயணம் மிச்சம், ஆனால் இரைச்சலுக்கும் தூசிக்கும் நடுவில் படிப்பு. லிங்கன் உயர்நிலைப்பள்ளியில் பழைய கட்டடம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் மைதானத்தில் ஆறு மாடிப் புதுக் கட்டடம் எழும்பி 2022இல் திறக்கப்பட்டது. பிறகு பழையதை இடித்து மைதானம் அமைத்தார்கள். மைதானம் இல்லாத ஆண்டுகளைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால், இந்த மூன்றில் லிங்கன் வழியே மேல் என்று நினைக்கிறேன். ஜெஃபர்சன் மாணவர்களையும் மார்ஷலுக்கு அனுப்பலாம் என்ற திட்டம் எழுந்தபோது, நகரின் கறுப்பினச் சமூகத்தோடு நெடுங்காலமாகப் பிணைந்த அந்தப் பள்ளியின் குடும்பங்கள் எதிர்த்தன. மாவட்டம் பின்வாங்கி, அதே வளாகத்தில் புதுக் கட்டடம் என்று மாற்றிக்கொண்டது. அது சரியான முடிவு.

செலவுக் கணக்குதான் என்னை உறுத்துகிறது. 2017 கடனுக்கான மதிப்பீடுகள் உண்மைச் செலவைவிடக் கோடிக்கணக்கில் குறைவாகச் சொல்லப்பட்டிருந்தன என்பது பின்னர் தெரியவந்தது. அந்தக் கடனில் சேர்ந்திருந்த பென்சன் உயர்நிலைப்பள்ளியை முடிக்க 2020 கடனிலிருந்தும் பணம் எடுக்க வேண்டியதாயிற்று. 2020இல் 31.1 கோடி டாலர் என்று சொல்லப்பட்ட ஜெஃபர்சனின் செலவு பிறகு 40 கோடியைத் தாண்டியது. அண்டையிலுள்ள பீவர்ட்டன் மாவட்டமோ தன் பழைய உயர்நிலைப்பள்ளிக்குப் பதிலாகப் புதியதைக் கட்ட 2022 கடனில் 25.3 கோடி டாலர் ஒதுக்கியது. கொள்ளளவும் நிலமும் வேறுபடுவதால் இரண்டையும் அப்படியே எதிரெதிரே வைக்க முடியாது. ஆயினும் இடைவெளி அதனால் மட்டும் விளங்கிவிடாது.

போர்ட்லண்டின் மாணவர் எண்ணிக்கை பெருந்தொற்றுக்கு முன் ஏறத்தாழ 49,000. இப்போது அதைவிட ஆயிரக்கணக்கில் குறைவு. அப்படியிருக்க, ஒவ்வொரு புதுப் பள்ளியையும் 1,700 பேருக்கு என்று ஒரே அளவில் கட்டுவதை நியாயப்படுத்துவது கடினம். ஜெஃபர்சனில் இன்று அந்த எண்ணிக்கையின் சிறு பங்கே படிக்கிறது. ஆனால் அதற்குக் காரணம், அந்தப் பகுதிப் பிள்ளைகள் வேறு பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற மாவட்டத்தின் விதியும், பல ஆண்டுப் புறக்கணிப்பும். தானே வெறுமையாக்கிய பள்ளியைப் பார்த்து ஆள் இல்லை என்று மாவட்டம் கைவிரிப்பது அநீதி.

எனவே என் தேர்வு இரண்டில் ஒன்றாக அமையவில்லை. ஜெஃபர்சனைச் சொன்னபடி, சொன்ன இடத்தில், தாமதமின்றிக் கட்ட வேண்டும். 2020இல் வாக்களித்தவர்களுக்குக் கொடுத்த வாக்கு அது. கிளீவ்லண்டையும் வெல்ஸையும் கைவிட வேண்டியதில்லை, ஆனால் அவற்றின் பரப்பையும் கொள்ளளவையும் இன்றைய சேர்க்கைக்கு ஏற்பக் குறைத்து, மிச்சமாகும் ஒவ்வொரு டாலரையும் வலுவூட்டப்படாத செங்கல் சுவர் உள்ள தொடக்கப்பள்ளிகளுக்குத் திருப்ப வேண்டும். மாநிலத்தின் நிலநடுக்க வலுவூட்டல் மானியம் ஒரு கட்டடத்துக்கு லட்சக்கணக்கான டாலர் கிடைக்கக்கூடியது. மாவட்டத்தின் சொந்தப் பணத்தோடு அதையும் சேர்த்தால், பெரிய திட்டங்கள் முடியும்வரை காத்திருக்காமல் கோடை விடுமுறைகளிலேயே கூரையையும் சுவரையும் பிணைக்கும் வேலையைத் தொடங்கிவிடலாம். எந்தப் பள்ளி எந்த ஆண்டில் என்ற பட்டியலை, 2032 என்ற கெடுவை முன்வைத்து, மாவட்ட வாரியம் இப்போதே பெற்றோருக்கு வெளியிட வேண்டும்.