சப்வூஃபர் வீட்டில் இருக்கிறது, ஸ்பீக்கர் எதை வாங்குவது?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியபோது எங்கள் ரெயின்போ நகர் வீட்டு ஹாலில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நின்றது. கைக்குக் கிடைத்ததை எல்லாம் கட்டில்மேல் தூக்கிப் போட்டதில் 10 அங்குல சப்வூஃபர் (பேஸ் என்கிற தாழ்ந்த சத்தத்துக்கு மட்டுமான பெட்டி) பிழைத்துக்கொண்டது, டவர் ஸ்பீக்கர் இரண்டையும் தூக்க ஆள் இல்லை. மறுநாள் பார்த்தால் அடிப்பலகை டீயில் முக்கிய பிஸ்கட் மாதிரி ஊதிக் கிடக்கிறது. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் தண்ணீர் ஊறினால் அவ்வளவுதான், எவ்வளவு வெயிலில் வைத்தாலும் பழைய உருவத்துக்கு வராது.

ஆக சப் இருக்கிறது, ஸ்பீக்கர்களை ஓட்டுகிற ரிசீவர் இருக்கிறது, ஸ்பீக்கர் இல்லை. தரையில் நிற்கும் டவர் இனி வேண்டாம், ஸ்டாண்டில் வைக்கிற சின்னப் பெட்டியான புக்‌ஷெல்ஃப் ஜோடி ஒன்று 40,000 ரூபாய்க்குள் போதும் என்று முடிவு.

ஊரிலேயே ஒரு கடைக்கு முதலில் போனேன், பெயர் எதற்கு. உள்ளே நுழைந்ததுமே சண்டைக்காட்சி ஒன்றைப் போட்டு ஷோகேஸ் கண்ணாடி அதிர வைத்தார்கள். "தம்பி, சப்பை ஆஃப் பண்ணிட்டு போடுங்க" என்றேன். "சார், அப்புறம் பேஸே வராதே!" "பேஸ் வீட்ல இருக்குப்பா, எனக்கு மிச்சம்தான் வேணும்." அந்தத் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அப்படியானால் இன்னும் பெரியதாக எடுங்கள் என்று ஆறரை அங்குல வூஃபர் (தாழ்ந்த சத்தம் தரும் கூம்பு) வைத்த ஒன்றைக் காட்டினார். இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். சத்தத்தை ஸ்பீக்கருக்கும் சப்புக்கும் பிரிக்கும் கிராஸ்ஓவரை ரிசீவரில் 80 ஹெர்ட்ஸில் வைத்தால் (ஹெர்ட்ஸ் எண் குறையக் குறைய சத்தம் தாழும்; டி.எச்.எக்ஸ். என்ற சினிமா ஒலித் தர முத்திரையின் காலத்திலிருந்து வழக்கத்தில் இருக்கும் கணக்கு அதுதான்) அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஸ்பீக்கருக்குப் பெரும்பாலும் போகவே போகாது, சப்புக்குத் திரும்பிவிடும். அதே ஆறரை அங்குல வகையில் எலாக் டெபூ 2.0 பி6.2 கம்பெனிக் காகிதத்தில் 44 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது, நல்ல ஸ்பீக்கர், சப் இல்லாதவர் கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கலாம். ஆனால் 44-க்கும் 80-க்கும் நடுவே இருப்பதற்குக் காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்ததும் அதையே ரிசீவரில் வெட்டி எறிவதற்கு நான் தயாராக இல்லை.

அதற்காக ரொம்பச் சின்னதாகவும் போகக்கூடாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நண்பர் ஒருவர் மூன்று அங்குல வூஃபர் வைத்த குட்டிப் பெட்டிகளை வாங்கிவிட்டு, அவை கீழே இறங்காததால் கிராஸ்ஓவரை 150-க்கு ஏற்றி வைத்திருக்கிறார். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே 4.3 மீட்டர், என் ஹாலைவிட நீளம், அது எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்காது. 150-இல் அந்தச் சலுகை கிடையாது, ஆண் குரலின் அடிப்பாகமும் சப்புக்குப் போய்விடும். அவர் வீட்டில் செய்தி வாசிப்பவர் சோஃபாவுக்கு அடியில் உட்கார்ந்து வாசிக்கிறார்.

80-இல் வெட்டுவதாக இருந்தால் ஸ்பீக்கர் அதற்குக் கொஞ்சம் கீழே, 60, 65 வரை சிரமப்படாமல் இறங்க வேண்டும். ஐந்து அங்குல வூஃபர் போதும். அந்தக் கணக்கில் என் பட்டியலில் மிஞ்சியவை இரண்டு. வார்ஃப்டேல் டயமண்ட் 12.1 (65 ஹெர்ட்ஸ் வரை), கியூ அக்கூஸ்டிக்ஸ் 3020i (64 ஹெர்ட்ஸ் வரை), ஒரே அளவு பவருக்கு இரண்டும் தரும் சத்தம் 88 டெசிபல். முன்னது 8 ஓம், பின்னது 6 ஓம். ஓம் குறைந்தால் ரிசீவர் அதிகம் சூடாகும். என் ரிசீவர் பழசு, ஹாலும் வெயில் காலத்தில் அடுப்படி மாதிரி இருக்கும் என்பதால் 8 ஓம் பக்கம் மனசு முதலிலேயே சாய்ந்துவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

சென்னைக்குப் போய் இரண்டையும் சப் இல்லாமல் கேட்டேன். நாகஸ்வரம்தான் என் முதல் சோதனை, ட்வீட்டர் (மேல் சத்தம் தரும் குட்டிக் குமிழி) சரியில்லை என்றால் மேல் ஸ்தாயியில் பத்து நிமிஷத்துக்குள் காது வலித்துவிடும். அப்புறம் ஒரு வயதான பெண் குரல், பின்னணியில் தம்புரா மட்டும். 3020i கொஞ்சம் சுத்தமாக, விளிம்பு வைத்த மாதிரி இருந்தது. 12.1-இல் குரலுக்கு உடம்பு இருந்தது, பாடகி மூச்சு இழுப்பது கேட்டது, நாகஸ்வரமும் குத்தவில்லை. 12.1 வீட்டுக்கு வந்தது.

வந்த அன்றைக்கே நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். ரிசீவர் தானாக அளந்துவிட்டு ஸ்பீக்கரை 'லார்ஜ்' என்று போட்டிருந்தது. பலர் இதை ஒரு பட்டம் மாதிரி நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். 'லார்ஜ்' என்றால் முழு பேஸும் ஸ்பீக்கருக்கே போகும், அவ்வளவுதான் அர்த்தம். 'ஸ்மால்' என்று மாற்றி 80 வைத்ததும் ஸ்பீக்கர் மூச்சு விட்டது. சப் நான் உட்காரும் இடத்திலிருந்து மூன்று மீட்டரில் இருக்க, ரிசீவர் நாலரை மீட்டர் என்று காட்டியதைத் திருத்தப் போகாதீர்கள். சப்புக்குள் இருக்கிற சர்க்யூட்டில் சத்தம் தாமதமாவதையும் சேர்த்துத்தான் அது அப்படிக் காட்டுகிறது.

மிருதங்கத்தில்தான் பிரச்சினை தெரிந்தது. வலந்தலை (வலது பக்கம்) கணீரென்று கேட்கிறது, தொப்பி (தாழ்ந்த சத்தம் தரும் இடது பக்கம்) ஏதோ பக்கத்து வீட்டில் வாசிக்கிற மாதிரி. தொப்பியில் கும்கி என்கிற இழுப்புச் சத்தம் வழுக்கி ஏறும்போது சத்தம் சப்பிலிருந்து ஸ்பீக்கருக்குக் கைமாற வேண்டும், இரண்டும் எதிரெதிராகத் தள்ளினால் அந்த இடத்தில் பள்ளம் விழும். சப்பின் பின்னால் இருக்கும், தள்ளுவதை எதிர்ப்பக்கம் திருப்பும் ஃபேஸ் சுவிட்சை 0-விலிருந்து 180-க்குத் தட்டினேன், தொப்பி ஹாலுக்குள் வந்துவிட்டது. இரண்டு வினாடி வேலை, இதற்கு நான் இரண்டு வாரம் ஒயரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

12.1-க்கு போர்ட் (பேஸ் வெளிவரும் ஓட்டை) பின்னால் இருக்கிறது. என் ஹாலில் சுவரிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளி வைக்க வழியில்லை, ஆண் குரல் கொஞ்சம் பானைக்குள் பேசியது. சுருட்டிய காலுறை ஒன்றை போர்ட்டுக்குள் செருகினேன், தீர்ந்தது. சிரிக்காதீர்கள், 3020i வாங்கினால் இதே வேலைக்கு நுரைக்கட்டை கம்பெனியே பெட்டியில் தருகிறது. முன்பக்க போர்ட் என்றால் சுவரோடு ஒட்டி வைக்கலாம் என்று கடைகளில் சொல்வது பாதிதான் உண்மை, தாழ்ந்த சத்தம் பெட்டியைச் சுற்றிப் போய்ச் சுவரில் மோதத்தான் செய்யும்.

சாதாரண ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சப்புக்கு ஒயர் எடுக்கும் 'சப் அவுட்' இருந்தாலும் பல ஆம்ப்களில் ஸ்பீக்கருக்குப் போகும் பேஸை வெட்டும் வசதி கிடையாது. அப்போது சப்பின் கிராஸ்ஓவர் குமிழைத்தான் 60, 65-க்கு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பேஸ் இரண்டு இடத்திலிருந்தும் வந்து குழம்பும்.

நம் ஊர்க் காற்றில் ஒயர் முனை பச்சை பூத்துவிடும், பனானா பிளக் போட்டுவிட்டேன். ஸ்டாண்ட் வெல்டிங் பட்டறையில் செய்தது, 28 அங்குல உயரம், உட்கார்ந்தால் ட்வீட்டர் காதுக்கு நேராக வருகிறது. குழாய்க்குள் கனத்துக்கு மணல் போடச் சொன்னார்கள். கடற்கரை மணல் பக்கத்திலேயே கிடக்கிறதே என்று அள்ளிவிடாதீர்கள், உப்பு உள்ளேயிருந்தே இரும்பைத் தின்றுவிடும். எம்-சாண்ட் போட்டிருக்கிறேன். சப்தான் இன்னும் தரையில் இருக்கிறது, ஐப்பசி பிறந்ததும் கட்டில்மேல் ஏற்ற வேண்டும்.