டிராகனை நம்பி வாங்கிய ஷேர்கள்

படங்களின் வசூலை வைத்து ஷேர் வாங்கி விற்கும் இணைய விளையாட்டான ஹாலிவுட் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஒரு கணக்கு இருப்பது என் மனைவிக்குத் தெரியும். அதில் எவ்வளவு தொலைத்தேன் என்பது தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் ஆகிவிடாது, எல்லாம் விளையாட்டுப் பணம். சேர்ந்தவுடன் 20 லட்சம் 'ஹாலிவுட் டாலர்' அவர்களே கணக்கில் போட்டுவிடுவார்கள். நம் பையிலிருந்து ஒரு காசு போகாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வசூல் கணக்கு வரும் நேரத்தில் வயிற்றைக் கலக்குகிறதே, அது மட்டும் நிஜம்.

நான் இதில் அதிகமாக அடிவாங்கியது அனிமேஷன் படங்களின் இரண்டாம் பாகங்களில்தான். அதனால் அவற்றை வைத்தே இந்த விளையாட்டு எப்படி என்று சொல்கிறேன்.

மைக்கேல் பர்ன்ஸ், மேக்ஸ் கைசர் என்ற இருவர் 1996-ல் தொடங்கியது இது. வரப்போகும் ஒவ்வொரு படமும் ஒரு ஷேர். அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்து, முதல் நான்கு வாரத்தில் படம் எத்தனை மில்லியன் டாலர் வசூலிக்கிறதோ அத்தனை ஹாலிவுட் டாலர்தான் அந்த ஷேரின் கடைசி விலை. 200 மில்லியன் வசூலித்தால் 200. இப்போதைய விலை குறைவு என்று தோன்றினால் வாங்கிப் போடலாம். அதிகம் என்று தோன்றினால் ஷார்ட் அடிக்கலாம், அதாவது விலை இறங்கும் என்று பந்தயம் கட்டலாம். முதல் வார இறுதி வசூலை மட்டும் வைத்துப் பந்தயம் கட்ட, 'ஆப்ஷன்' என்று தனியாக ஒன்றும் உண்டு. அந்தப் பக்கம் நான் அதிகம் போவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு தலைவலி போதும்.

2014 ஜூன். என் மகனுக்கு அப்போது ஏழு வயது. 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' இரண்டாம் பாகம் வரப்போகிறது. வீட்டில் தலையணை உறையில் டிராகன், பென்சில் பெட்டியில் டிராகன், குளியலறைக் கண்ணாடியில் ஒட்டுப்படமாக டிராகன். 2010-ல் வந்த முதல் பாகம் முதல் வார இறுதியில் 43.7 மில்லியனில் தொடங்கி, வாய்வழியாகவே பேர் வாங்கி, அமெரிக்காவில் 217 மில்லியனைத் தாண்டியது. தியேட்டரில் தவறவிட்டவர்கள் எல்லாம் பிறகு டிவிடியில் பார்த்துப் பைத்தியமாகியிருப்பார்கள், இந்தமுறை முதல் நாளே வந்து நிற்பார்கள் என்று கணக்குப் போட்டேன். நோட்டுப் புத்தகத்தில் '70' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். கையில் இருந்ததில் பாதிக்கு மேல் அந்த ஷேரிலேயே போட்டேன்.

வந்தது 49.5. அதே வாரம் வந்த ஒரு போலீஸ் காமெடி முதலிடத்தைத் தட்டிக்கொண்டு போனது. மொத்த ஓட்டத்தில் 177 மில்லியன். முதல் பாகத்தைவிடக் குறைவு. படம் நன்றாகத்தான் இருந்தது, நாங்கள் இரண்டு முறை பார்த்தோம். வீட்டில் பார்த்துப் பிடித்தவர்கள் இரண்டாம் பாகத்தையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள் என்பது என் ஊகம். என் வீட்டுத் தலையணை உறையை வைத்து ஒரு கண்டத்தின் கூட்டத்தைக் கணித்தது என் மடத்தனம், அதில் ஊகம் எதுவும் இல்லை.

சரி, பாடம் படித்தேனா? பத்து வருடம் கழித்து அதே தப்பை மறுபக்கமாகச் செய்தேன்.

2024-ல் 'இன்சைட் அவுட்' இரண்டாம் பாகம். அதை எடுத்த அனிமேஷன் ஸ்டுடியோவான பிக்சாருக்கு அப்போது நேரம் சரியில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் மூன்று படங்கள் நேராக ஓடிடிக்குப் போயின. 2022-ல் 'லைட்இயர்' கவிழ்ந்தது. 2023-ல் 'எலிமெண்டல்' வெறும் 29.6 மில்லியனில் தொடங்கியது. புதுப் படத்துக்கு வணிகப் பத்திரிகைகள் சொன்ன தொடக்கக் கணக்கு 90 மில்லியனை ஒட்டி இருந்தது. பதினேழு வயதாகிவிட்ட மகனிடம் கேட்டேன். "அப்பா, அது சின்னப் பசங்க படம்பா. யாரு போவா?" என்றான். ஷார்ட் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை ரிலீஸுக்கு முந்தைய வியாழன் இரவுக் காட்சிகளில் 13 மில்லியன். அதற்குமுன் பிக்சாரின் 'இன்க்ரெடிபிள்ஸ்' இரண்டாம் பாகம் வியாழனிலேயே 18.5 எடுத்திருந்ததால் நிம்மதியாகத் தூங்கினேன். வெள்ளி முடிந்தபோது 60-ஐத் தாண்டியிருந்தது. மூன்று நாள் முடிவில் 154! முந்தைய வருடம் 'எலிமெண்டல்' தன் மொத்த ஓட்டத்திலும் அமெரிக்காவில் சேர்த்ததே கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடைசியில் உள்நாட்டில் மட்டும் 650 மில்லியனுக்கு மேல். விலை ஏற ஏற ஷார்ட் அடித்தவனுக்கு நஷ்டம் கூடிக்கொண்டே போகும். என் கணக்கு என்ன ஆனது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

யாருக்காக அந்தப் படம் என்பதைத்தான் நான் தப்பாகப் பார்த்திருக்கிறேன். 2015-ல் முதல் பாகத்தைப் பார்த்த பத்து வயதுப் பிள்ளைக்கு 2024-ல் பத்தொன்பது வயது. அவன் நண்பர்களோடு வருகிறான். ஐந்து வயதுக் குழந்தையைப் பெற்றோர் அழைத்து வருகிறார்கள். அது போதாதென்று, வந்த ஆளே மறு வாரம் திரும்பி வருகிறான். வியாழன் இரவு ரசிகர்களின் இரவு. குடும்பங்கள் சனி மதியம்தான் வீட்டைவிட்டுக் கிளம்பும். வியாழன் கணக்கை வைத்து அனிமேஷனைக் கணிப்பது, பந்தியில் முதல் வரிசையை மட்டும் எண்ணிவிட்டு அடுப்பை அணைப்பது மாதிரி.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது ஷார்ட் வசதிதான். ரசிகன் சும்மா இருக்கும்போது "பில்லியன் அடிக்கும், பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். இங்கே அதை ஒரு விலையாகச் சொல்லியாக வேண்டும். உனக்கு எதிரே இருப்பவன் அந்த விலையில் விற்கத் தயாராக இருக்கிறான் என்றால், அவனுக்குத் தெரிந்தது உனக்கு ஏன் தெரியவில்லை என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது. பிடித்த படத்தையே ஷார்ட் அடித்துவிட்டு, முதல் நாள் டிக்கெட்டும் எடுத்தவன் நான். அந்தக் குழப்பத்தை வேறு எந்த விளையாட்டும் எனக்குத் தந்ததில்லை.

அனிமேஷன் பிரியர்களுக்கு இரண்டு சங்கதிகள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நான்கு வாரத்தில் கணக்கு முடிந்துவிடும். குழந்தைப் படங்கள் அதற்குப் பிறகும் ஓடும். 29.6-இல் தொடங்கிய 'எலிமெண்டல்' தொடக்கத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் சேர்த்தது நிதானமாக நடந்தது. அந்த நீண்ட ஓட்டத்தின் ஒரு பகுதி இங்கே கணக்கிலேயே வராது. இரண்டாவது, வெளிநாட்டு வசூலுக்கு இங்கே மதிப்பே கிடையாது. 2025-ல் சீன அனிமேஷன் படமான 'நேஜா' இரண்டாம் பாகம் பெரும்பாலும் சீனாவில் மட்டும் ஓடியே உலகளவில் 2 பில்லியன் டாலரைத் தாண்டியது. வட அமெரிக்க வசூலை மட்டும் எண்ணும் இந்தச் சந்தைக்கு அது ஒரு சின்னப் படம்.

நிஜப் பணத்தில் இதைச் செய்ய முடியாதா என்று புதிதாகச் சேருபவர்கள் கேட்பார்கள். முயன்றார்கள். 2001-ல் இந்த எக்ஸ்சேஞ்சை வாங்கிய கேண்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற நிதி நிறுவனம், படவசூலுக்கு உண்மையான ஃபியூச்சர்ஸ் சந்தை, அதாவது வரப்போகும் விலைக்கு இன்றே ஒப்பந்தம் போடும் சந்தை, தொடங்க 2010-ல் ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதியும் வாங்கியது. ஸ்டுடியோக்களின் சங்கம் எதிர்த்தது. அடுத்த மாதமே டாட்-ஃபிராங்க் என்ற நிதிச் சந்தைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து அதற்குத் தடை போட்டது. அமெரிக்காவில் 1958 முதல் வெங்காயத்துக்கு ஃபியூச்சர்ஸ் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இப்போது அந்தப் பட்டியலில் வெங்காயமும் சினிமா வசூலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டுமே என்னை அழவைத்தவை என்பதால் சட்டத்தின் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

2025 நவம்பரில் 'ஸூடோப்பியா' இரண்டாம் பாகம் வந்தபோது நோட்டில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: எந்த வயது ஆட்கள் யாரைக் கூட்டிக்கொண்டு போவார்கள்? அமெரிக்காவில் தேங்ஸ்கிவிங் பண்டிகை விடுமுறை வாரம் வேறு. முந்தைய வருடம் அதே வாரத்தில் 'மோவானா' இரண்டாம் பாகம் ஐந்து நாளில் 225 மில்லியன் எடுத்ததையும் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். கொஞ்சமாக வாங்கினேன். ஐந்து நாளில் 150-ஐத் தாண்டியது. லாபம்தான்.

மகனுக்கும் இப்போது ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. அதில் அந்தப் படத்தை வாங்கினானா, ஷார்ட் அடித்தானா என்று எத்தனை முறை கேட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான்.