இருளில் ஓடுபவர்களுக்கான மார்பு விளக்கு: எந்த அளவுக்கு நம்பலாம்?

சென்னையில் நெடுந்தொலைவு ஓடிப் பழகுபவர்கள் இருட்டைத் தவிர்க்க முடியாது. ஜனவரித் தொடக்கத்தில் இங்கே சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகிவிடும். எட்டு மணிக்குள் வெயில் உறைக்கத் தொடங்கிவிடும். இருபது கிலோமீட்டரை முடித்துவிட்டு வேலைக்கும் போக வேண்டியவர் நாலரை மணிக்கே தெருவில் இறங்கியாக வேண்டும். அந்த நேரத்துச் சாலை காலியாக இருப்பதாலேயே வேகமாகப் பறக்கும் தண்ணீர் லாரிகளும், பால் வண்டிகளும், விமான நிலையத்துக்கு விரையும் வாடகைக் கார்களும், இரவுப் பணி முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வீடு திரும்பும் இருசக்கர வண்டிக்காரர்களும்தான் அவருக்குத் துணை. இப்படிப்பட்ட ஓட்டக்காரர்களுக்கென்று இணையக் கடைகளில் விற்கப்படும் மார்பு விளக்கு ஒன்றை ஒரு மழைக்காலமும் அதையடுத்து வந்த மார்கழியும் அணிந்து ஓடிய பிறகு எழுதும் மதிப்புரை இது. ஒரே பொருள் பல வணிகப் பெயர்களில் விற்கப்படுவதால் பெயரை விட்டுவிட்டு அதன் அமைப்பையும் பயனையும் மட்டும் பார்க்கிறேன்.

தோள்களின் மேலாகவும் விலாவைச் சுற்றியும் ஓடும் மீள்தன்மையுள்ள வார்கள், நெஞ்சுக்குழியின் மேல் அமரும் வெள்ளை விளக்கு, முதுகில் சிறிய சிவப்பு விளக்கு, வார்கள் நெடுகத் தைக்கப்பட்ட சாம்பல் நிற ரிஃப்ளெக்டர் பட்டை ஆகியவை சேர்ந்ததே இந்தப் பொருள். விலை இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மின்கலம் முதுகு விளக்கின் பெட்டிக்குள் இருக்கிறது. செல்பேசிக்குப் பயன்படும் அதே சி வகைக் கம்பியால் மின்னேற்றிக்கொள்ளலாம்.

முதலில் வெள்ளை விளக்கு. கொடுத்த காசுக்கு முழுப் பயன் தருவது இதுதான், அதுவும் வண்டிகளிடமிருந்து காப்பதைவிடக் கால்களைக் காப்பதில். தலையில் கட்டும் விளக்கின் ஒளி ஏறத்தாழ நம் கண்ணின் உயரத்திலிருந்தே போவதால் மேடு பள்ளங்களின் நிழல் அவற்றின் பின்னாலேயே மறைந்துவிடுகிறது; சாலை முழுவதும் ஒரே தட்டையாகத் தெரியும். மார்பு விளக்கு கண்ணுக்கு ஒன்றரை அடியாவது கீழே இருக்கிறது. அதனால் சாலையிலிருந்து இரண்டு விரற்கடை மேலெழுந்து நிற்கும் மழைநீர் வடிகால் மூடிகூட நீண்ட நிழலை விழச்செய்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை, கேபிள் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம், நடைபாதையில் பெயர்ந்து நிற்கும் கல் என்று கணுக்கால் சுளுக்குக்குக் காரணமான எல்லாமே இந்தச் சாய்ந்த ஒளியில் தெளிவாகத் தெரிகின்றன. தெருவிளக்குகள் எரியும் சாலையிலும் இது தேவைதான். மரக்கிளைகள் எல்.இ.டி. விளக்கை மறைக்கும் இடங்களில் வெளிச்சத்துக்கு நடுவே திட்டுத்திட்டாக இருள் கிடக்கும். கண் அதற்குப் பழகுமுன் கால் அங்கே போய்விடும்.

விளக்கைச் சாய்க்கும் கோணத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓடுபவர் நொடிக்கு இரண்டே முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடக்கிறார். ஐந்து மீட்டர் முன்னால் ஒளி விழுந்தால் தடையைக் கண்டு காலை மாற்றி வைக்க இரண்டு நொடிக்கும் குறைவான நேரமே கிடைக்கும். அது போதும், ஆனால் அதற்குக் குறையக் கூடாது. விளக்கை இன்னும் கீழே சாய்த்தால் நம்மை அறியாமலே தலை குனிந்து, சிறிது நேரத்தில் பிடரியும் தோள்பட்டையும் இறுகிவிடுகின்றன. மேலே நிமிர்த்தினாலோ எதிரில் வருபவரின் கண் கூசும். இந்த விளக்கின் கீல் சற்றுத் தளர்வாக இருப்பதால் ஓட்டத்தின் அதிர்வில் ஒளி மெல்ல இறங்கிவிடுகிறது. தயாரிப்பில் இருக்கும் உண்மையான குறை இதுவே. அணிபவர் அவ்வப்போது கட்டைவிரலால் தள்ளி நிமிர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்தது, விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்படும் ரிஃப்ளெக்டர் பட்டை. மற்றப் பரப்புகள் ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கும். இந்தப் பட்டையோ அதில் பதித்த நுண்ணிய கண்ணாடி மணிகளின் உதவியால் ஒளியை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். ஓட்டுநரின் கண் அவரது முகப்பு விளக்குக்கு அருகில் இருப்பதால் பட்டை அவருக்கு மட்டும் பளீரென்று தெரிகிறது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இருட்டறையில் செல்பேசி விளக்கைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பட்டையைப் பாருங்கள், தீப்பற்றியதுபோல் எரியும். அதே விளக்கைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் வெறும் சாம்பல் துணியாகிவிடும். ஆகவே முகப்பு விளக்குப் போடாமல் வரும் வண்டிக்கு இந்தப் பட்டையால் ஒரு பயனும் இல்லை. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதிதாக வரும் இருசக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு தானாகவே எரியும்படி அமைக்கப்படுவது இந்த வகையில் ஓட்டக்காரர்களுக்குக் கிடைத்த நன்மை. பழைய வண்டிகளுக்கும், விளக்கு என்றால் என்ன என்று கேட்கும், சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளுக்கும் நம் சொந்த விளக்கு ஒன்றே வழி.

இந்தப் பட்டைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. நம் ஊரில் அதைப் புறக்கணிக்க முடியாது. துணிபோன்ற சாம்பல் நிறப் பட்டையில் கண்ணாடி மணிகள் மேற்பரப்பில் திறந்தே இருக்கின்றன. அவற்றின் மேல் தண்ணீர் படிந்தால் ஒளி வளையும் விதம் மாறிப் பட்டையின் மினுமினுப்பு வெகுவாகக் குறைகிறது. ஐப்பசி மழையில் நனைந்தபின் இதே பட்டையைச் செல்பேசி விளக்கில் பார்த்தபோது உலர்ந்திருந்தபோது தெரிந்ததில் பாதி ஒளிகூட இல்லை என்றே தோன்றியது. வழுக்கும் சாலையில் வண்டி நிற்க அதிகத் தொலைவு பிடிக்கும் அந்த மழையில்தானே இது நன்றாக வேலை செய்ய வேண்டும்?

இங்கேதான் நூற்றைம்பது ரூபாய்ப் பொருள் ஒன்று குறுக்கிடுகிறது. பாரிமுனைக் கடைத்தெருவிலும் பெரிய ஹார்டுவேர் கடைகளிலும் கட்டடத் தொழிலாளர்களுக்காக விற்கும் வலைத்துணி ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டைச் சொல்கிறேன். அதன் பட்டை பிளாஸ்டிக்காலானது. உற்றுப் பார்த்தால் தேன்கூட்டைப்போல் அறுகோணக் கட்டங்கள் தெரிந்தால், ஒளியைத் திருப்பும் நுண்பட்டகங்கள் உள்ளே மூடப்பட்டிருக்கின்றன என்று பொருள். நனைந்தாலும் அது அவ்வளவாக மங்குவதில்லை. பரப்பும் அதிகம். ஆனால் அந்த ஜாக்கெட் ஓடுவதற்கென்று தைக்கப்பட்டதல்ல. வியர்வையில் ஊறி ஒட்டிக்கொள்ளும், அக்குளில் விளிம்பு உராயும், காற்றடித்தால் படபடக்கும். ஐந்து கிலோமீட்டருக்குப் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கடினம். அதன் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளும் ஆரஞ்சும் இருட்டில் உதவும் என்று நம்புவதும் தவறு. கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியைப் புலப்படும் ஒளியாக மாற்றுவதால்தான் அந்த நிறங்கள் அப்படி மின்னுகின்றன. பகலிலும் விடியற்காலை மங்கலிலும் அவை சிறப்பாக உதவும். நாலரை மணிக் கும்மிருட்டில் அல்ல.

மார்பு விளக்கையும் இந்த ஜாக்கெட்டையும்விட முக்கியமானது இரண்டு பொருள்களிலும் இல்லை: கணுக்கால் பட்டை. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் யோஹான்சன், இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் சிறு ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி நடக்கவிட்டால், அந்தப் புள்ளிகளின் அசைவை மட்டும் பார்ப்பவர்கள் உடனடியாக அது மனித நடை என்று கண்டுகொள்வதை 1973-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். பின்னாளில் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இரவுச் சாலைகளில் ஓட்டுநர்களைக் கொண்டு நடத்திய சோதனைகளிலும், கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு ஆகிய இடங்களில் பட்டை அணிந்தவரை, மார்பில் மட்டும் அணிந்தவரைவிட வெகு தொலைவிலேயே மனிதர் என்று அறிந்துகொண்டார்கள். காரணம் எளியது. மார்பில் மின்னும் பட்டை தடுப்புக் கம்பமாகவும் இருக்கலாம், நிறுத்திவைத்த வண்டியின் பின்புறமாகவும் இருக்கலாம். மாறி மாறி மேலும் கீழும் ஏறி இறங்கும் இரண்டு ஒளிக்கீற்றுகள் கால்களைத் தவிர வேறெதுவாகவும் இருக்க முடியாது. வண்டிகளின் முகப்பு விளக்குத் தரும் தாழ்ந்த ஒளியும் (லோ பீம்) முதலில் விழுவது கால்களின் மேல்தான்.

இந்த வேறுபாட்டின் பொருளைக் கணக்கில் பார்க்கலாம். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்குப் பதினேழு மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் கண்டு, புரிந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆனால் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் வண்டி நிற்க மேலும் 20 மீட்டராவது வேண்டும். கறுப்புச் சட்டை அணிந்து ஓடுபவர் ஓட்டுநரின் கண்ணில் படுவது பல வேளைகளில் அந்த 45 மீட்டருக்குள் வந்த பிறகே. பார்ப்பது மட்டும் போதாது, பார்த்தது ஆள் என்று புரிய வேண்டும். கணுக்கால் பட்டை அந்தப் புரிதலை விரைவாக்குகிறது. ஜோடி இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எலாஸ்டிக்கும் வெல்க்ரோவும் உள்ள பட்டைகளே போதும். தட்டினால் சுருண்டு பிடித்துக்கொள்ளும் வகையை வாங்க வேண்டாம்: உள்ளே மெல்லிய எஃகுத் தகடு இருக்கிறது, உறை கிழிந்தால் அதன் விளிம்பு தோலைக் கீறிவிடும். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்ட வேண்டும். குதிகாலுக்கு மேலுள்ள குதிநாணை அழுத்தும்படி இறுக்கிக் கட்டி நெடுந்தூரம் ஓடினால் அதுவே தனி வலியாக முளைக்கும்.

முதுகிலுள்ள சிவப்பு விளக்கு தேவையற்ற அலங்காரம் என்று சிலர் சொல்வதுண்டு. நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் செல்வதால், நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கமாக, எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுவதே முறை. அப்படி ஓடினால் பின்னாலிருந்து யார் வரப்போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். சென்னைச் சாலையை அறிந்தவர்களுக்கு விடை தெரியும். யு-டர்ன் வரை போகச் சோம்பல்பட்டு, சாலையின் ஓரத்தை ஒட்டித் தவறான திசையில் வரும் இருசக்கர வண்டி சரியாக நம் முதுகுக்குப் பின்னால்தான் வரும். எனவே சிவப்பு விளக்கு அவசியம். ஆனால் அதைச் சிமிட்டும்படி வைப்பதைவிட நிலையாக எரியவிடுவதே என் தேர்வு: சிமிட்டும் ஒளி கவனத்தை ஈர்க்கும், ஆனால் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணிப்பது கடினம். மின்சார ஸ்கூட்டர்கள் ஓசையின்றி வந்து நிற்கும் இக்காலத்தில், இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓடுபவருக்கு எந்த விளக்கும் ஈடுசெய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அணிவதற்கு வசதியாகவே இருக்கிறது. விலாப் பக்கத்து பக்கிள் மட்டும் தோலில் நேரடியாகப் பட்டால் உராய்ந்து புண்ணாக்கும். பனியன் மேல் அணிந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்வது நல்லது. வியர்வை காய்ந்து வார்களில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். விளக்குகளைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த நீரில் கையால் அலசினால் போதும். துணி மென்மையாக்கும் திரவம், பிளீச்சிங், இஸ்திரி மூன்றும் பட்டையின் ஆயுளைக் குறைக்கும். மின்கலம் அட்டைப்பெட்டியில் சொல்லப்பட்ட நேரம் நிற்பதில்லை, அந்தக் கணக்கு சிமிட்டும் நிலைக்கானது. முழு ஒளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். நடுத்தர ஒளியே நகரச் சாலைக்குப் போதுமானது.

தெருவிளக்கு நன்றாக எரியும் குடியிருப்புச் சாலைகளில் ஓடுபவர் இதற்காக இரண்டாயிரம் ரூபாய் செலவழிக்கத் தேவையில்லை. கணுக்கால் பட்டையும், சட்டையின் பின்புறம் மாட்டும் சிறிய சிவப்பு கிளிப் விளக்கும் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் உட்புறப் பகுதிகள், ஏரிக்கரைகள், புறநகர் இணைப்புச் சாலைகள் போன்ற இடங்களில் ஓடுபவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் கணுக்கால் பட்டையையும் கூடவே வாங்க வேண்டும். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள், எல்லாவற்றையும் அணிந்துகொண்டு ஓர் இருட்டுத் தெருவில் நின்ற இடத்திலேயே ஓடுங்கள். நண்பர் ஒருவரைத் தாழ்ந்த ஒளியில் வண்டியில் எதிரே வரச்சொல்லி, நீங்கள் எந்தக் கம்பத்தருகே ஆளாகத் தெரிந்தீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பட்டைகளைத் தண்ணீரில் நனைத்துவிட்டு இன்னொரு முறையும் அதையே செய்து பார்த்துவிட்டால், வைத்துக்கொள்வதா திருப்புவதா என்று அப்போதே முடிவெடுத்துவிடலாம்.