'டேமேஜ்ட்' அல்லது 'பேட் பிரெய்ன்ஸ்': முதலில் எதைக் கேட்கலாம்?

பங்க் ராக்கின் வேகமான, முரட்டு வடிவமான ஹார்ட்கோர் பங்க் பக்கம் புதிதாக வருகிறவர்கள் பலரும் தடுமாறுவது இந்த இரண்டு முதல் ஆல்பங்களுக்கு நடுவில்தான். ஒன்று, கலிபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் இசைக்குழு 1981-இல் வெளியிட்ட 'டேமேஜ்ட்'. மற்றொன்று, வாஷிங்டனில் உருவான பேட் பிரெய்ன்ஸ் குழு 1982-இல் தங்கள் பெயரிலேயே வெளியிட்டது.

நீளம்: இரண்டிலும் 15 பாடல்கள். இரண்டும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

வாசிப்பு: பேட் பிரெய்ன்ஸ் ஜாஸ் ஃபியூஷனில் (ஜாஸும் ராக்கும் கலந்த இசை) கை பழகியவர்கள், என்ன வேகத்தில் போனாலும் தாளம் பிசகாது. பிளாக் ஃபிளாக்கில் கிரெக் கின்னின் கிட்டார் வேண்டுமென்றே தடம் புரளும். முதல் தடவை எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மூச்சு: பேட் பிரெய்ன்ஸ் நடுநடுவே நிதானமான ஜமைக்கா இசையான ரெக்கேக்கு இறங்கி வந்து வியர்வையைத் துடைத்துக்கொள்ள விடுகிறது. 'டேமேஜ்ட்' அந்தச் சலுகையைத் தருவதில்லை. பிற்பாதியில் வேகம் குறையும்போது இறுக்கம் கூடுகிறது. கடைசிப் பாடலில் பாடகர் ஹென்றி ராலின்ஸ் பாடுகிறாரா, உடைகிறாரா என்றே தெரியாது.

அட்டை: பேட் பிரெய்ன்ஸின் மஞ்சள் அட்டையில் அமெரிக்க நாடாளுமன்றக் குவிமாடத்தின் மேல் மின்னல். 'டேமேஜ்ட்' அட்டையில் உடைந்த கண்ணாடியில் ராலின்ஸின் முஷ்டி. வழியும் ரத்தம் சிவப்பு மையும் காப்பியும் கலந்தது!

ஒலித்தரம்: பேட் பிரெய்ன்ஸ் முதலில் கேசட்டாக மட்டுமே வந்தது, அந்தக் கரகரப்பு இன்றும் உண்டு. 'டேமேஜ்ட்' ஒன்றும் பளிங்கு இல்லை.

காலில் துள்ளல் வேண்டுமென்றால் பேட் பிரெய்ன்ஸ். கதவைச் சாத்திக்கொண்டு கேட்க ஒன்று வேண்டுமென்றால் 'டேமேஜ்ட்'. நான் அதிகம் திரும்பிப் போவது மஞ்சள் அட்டையிடம்தான்.