சிவப்பு இணைப்புகளோடு சில வருடங்கள்: தமிழ் விக்கிப்பீடியா அனுபவம்

தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுவதைவிட இணைப்புகளைச் சரிபார்ப்பதில்தான் என் நேரம் அதிகம் போகிறது. பல வருடப் பழக்கம். அதற்கான கருவிகளில் எது உதவுகிறது, எது சும்மா இருக்கிறது என்று சொல்லும் அளவுக்குப் புழங்கியாயிற்று.

பக்கம் இல்லாத தலைப்புக்கு இணைப்புக் கொடுத்தால் அது சிவப்பாகத் தெரியும். புதிதாக வருபவர்கள் இதைப் பிழை என்று நினைத்து, இணைப்புக்காகச் சொல்லைச் சுற்றிப் போடும் சதுர அடைப்புக்குறிகளை நீக்கிவிடுகிறார்கள். வேண்டாம், விட்டுவிடுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவை ஆராய்ந்து ஸ்பினெல்லிஸ், லூரிடாஸ் என்ற இரு கிரேக்க ஆய்வாளர்கள் 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புதுக் கட்டுரைகள் பெரும்பாலும் அவற்றுக்கான முதல் இணைப்பு விழுந்த கொஞ்ச காலத்திலேயே பிறக்கின்றன. எழுதுபவரும் அநேகமாக வேறொருவர்தான் என்கிறது அது.

ஆனால் தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சிவப்பாக இருப்பவற்றில் கணிசமானவற்றுக்குக் கட்டுரை ஏற்கெனவே இருக்கும். 'ஈரோட்டில்' என்று அப்படியே அடைப்புக்குள் போட்டால் மென்பொருள் அந்தப் பெயரில்தான் பக்கம் தேடும். அதற்கு 'ஈரோடு' என்று எழுதி, நடுவில் ஒரு குத்துக்கோடு போட்டு, பிறகு 'ஈரோட்டில்' என்று எழுத வேண்டும். அப்புறம் ஆட்பெயர்களின் முதலெழுத்துகள் (இனிஷியல்): புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் ஒரு தலைப்பு, விடாவிட்டால் வேறு தலைப்பு. ஒற்று மிகுந்தால் ஒன்று, மிகாவிட்டால் இன்னொன்று. செருமனியா ஜெர்மனியா என்ற சண்டையை விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் வைத்துக்கொள்ளலாம். அதுவரை ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் திருப்பிவிடும் வழிமாற்று ஒன்றைப் போட்டால் வாசகர் சரியான இடத்துக்குப் போய்விடுவார்.

இல்லாத பக்கங்களை, அவற்றைக் கேட்கும் இணைப்புகளின் எண்ணிக்கைப்படி அடுக்கித் தரும் சிறப்புப் பக்கம் ஒன்று உண்டு. பார்க்க ஆசையாக இருக்கும், பயன் குறைவு. நூறு ஊர்க் கட்டுரைகளின் அடியில் ஒட்டியிருக்கும் ஒரு வார்ப்புருவில் (பல பக்கங்களில் அப்படியே வந்து விழும் பொதுப் பெட்டி) ஒரே ஒரு சிவப்புத் தலைப்பு இருந்தால் போதும், நூறு பேர் கேட்டதுபோல அது மேலே ஏறிவிடும். நான் நம்புவது 'இப்பக்கத்தை இணைத்தவை' என்ற கருவியை. ஒரு பக்கத்துக்கு எங்கிருந்தெல்லாம் இணைப்பு வருகிறது என்று அது காட்டும். பக்கத்தை நீக்குமுன்னும், நகர்த்திய (அதாவது தலைப்பை மாற்றிய) பின்னும் அதைத் திறந்து பார்த்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு முறை நகர்த்திய பக்கத்துக்கு இரட்டை வழிமாற்று உருவாகும். மென்பொருள் ஒரு தாவலோடு நின்றுவிடும் என்பதால் வாசகர் நடுவழியில் நிற்பார். அதைத் தானியங்கிகள், அதாவது தானாகத் திருத்தம் செய்யும் நிரல்கள், பார்த்துக்கொள்கின்றன.

வெளி இணைப்புகள்தான் பெரிய தலைவலி. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பழைய இணைய முகவரி எத்தனையோ ஊர்க் கட்டுரைகளில் மேற்கோளாக இருந்தது. அந்த முகவரி இன்று செத்துவிட்டது. பழைய இணையப் பக்கங்களின் படிகளை 'வந்தவழி இயந்திரம்' (Wayback Machine) என்ற சேவையில் சேமித்து வைக்கும் இணைய ஆவணகத்தின் (Internet Archive) தானியங்கி இப்படிப்பட்ட இடங்களில் நன்றாகவே உழைக்கிறது. பழைய படி கிடைத்தால் 'வந்தவழி இயந்திரத்தில் பரணிடப்பட்டது' என்று சேர்க்கும், கிடைக்காவிட்டால் 'தொடர்பிழந்த இணைப்பு' என்று குறித்துவிட்டுப் போகும். அது ஏமாறும் இடமும் இருக்கிறது. ஒரு செய்தித்தளம் தன் அமைப்பை மாற்றிவிட்டு, பழைய செய்தி முகவரிகளையெல்லாம் முகப்புக்குத் திருப்பிவிட்டது. தானியங்கிக்கு அது உயிருள்ள இணைப்பு. மேற்கோளைச் சொடுக்கிய மனிதருக்கோ அன்றைய தங்கம் விலை கிடைக்கும். இவற்றைக் கையால்தான் பிடிக்க வேண்டும். அதனால் புதிதாக மேற்கோள் சேர்க்கும்போதே வந்தவழி இயந்திரத்தில் ஒரு படி சேமித்துவிடுகிறேன்.

படி கிடைத்தாலும் தமிழுக்கு இன்னொரு தொல்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் பல தளங்கள் சொந்த எழுத்துருவில் வெளிவந்தன. அந்த எழுத்துரு இல்லாமல் சேமித்த படியைத் திறந்தால் திரை முழுக்க ரோமன் எழுத்துக் குப்பை. எழுத்துரு மாற்றியில் போட்டால் பெரும்பாலும் படிக்க வந்துவிடும். அப்போது தலைப்பையும் தேதியையும் யூனிகோடில் மேற்கோளுக்குள் எழுதிவிடுவது நல்லது. அச்சுப் பதிப்பின் தேதியும் பக்க எண்ணும் கிடைத்தால் இன்னும் உத்தமம். இணைப்பு போனாலும் நூலகத்தில் தேடிப் பார்க்கலாம்.